ஹார்ட் டிஸ்க்க சொருகினா வைஃபை போகுது: ஒரு வீட்டுல மூணு மாசம் நடந்த கதை

யாரு, எங்க, என்ன செட்டப்பு

திருச்சியில ஒரு மாடி வீடு. கீழ ரிட்டயர்டு வாத்தியாரும் அவங்க வீட்டம்மாவும், மாடி ரூம்ல அவங்க பொண்ணு. பொண்ணு ஒன்பதாவது பத்தாவது பசங்களுக்கு சாயந்திரம் ஆறு மணிலேந்து எட்டரை வரைக்கும் ஆன்லைன்ல சயின்ஸ் ட்யூஷன் எடுக்கறாங்க. நான் கடை வெச்சிருக்கற ஆள் கிடையாது, வேற வேலை, தெரிஞ்சவங்க வீட்டு சிஸ்டம் ஏதாவது மக்கர் பண்ணா சாயந்திரம் போய் பாத்துட்டு வருவேன் அவ்ளோதான். அவங்க கிட்ட கேட்டுட்டுத்தான் இத எழுதறேன், பேரு எதுவும் போடல.

லேப்டாப்புல 256 ஜிபி எஸ்எஸ்டி, அது எப்பவோ ரொம்பிப் போச்சு. அதனால 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்ன சொருகி வெச்சுகிட்டு கிளாஸ் ரெக்கார்டிங்க நேரா அதுலயே விழற மாதிரி வெச்சிருந்தாங்க. அந்த டிஸ்க்குலதான் வீட்டு போட்டோ எல்லாமும், அக்கா கல்யாண வீடியோ உட்பட. வேற எங்கயும் காப்பி இல்ல. இத கேட்டப்பவே எனக்கு வயித்த கலக்குச்சு, ஆனா யார் வீட்டுலதான் இருக்கு.

நெட்டு 100 மெகாபிட் ஃபைபர். ரௌட்டர் கீழ ஹால்ல டிவி பக்கத்துல. அதுல 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்னு, 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்னுன்னு ரெண்டு பேர்ல வைஃபை வருது. காங்கிரீட் தளத்த தாண்டி அந்த 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மாடிக்கு சரியா ஏறல, அதனால மாடியில 2.4தான். மவுஸ் வயர்லெஸ், அதோட குட்டி டாங்கிள், அதாவது யுஎஸ்பில சொருகற ரிசீவர், லேப்டாப்போட இடது பக்கம், டிஸ்க் சொருகற போர்ட்டுக்கு பக்கத்து போர்ட்டுல. இந்த டாங்கிள் விஷயத்த ஞாபகம் வெச்சுக்கோங்க.

புகார் எப்படி ஆரம்பிச்சுது

2024 ஜூன் நடுவுல முதல் புகார். கிளாஸ் நடக்கும்போது நெட்டு விட்டு விட்டு வருது. பசங்க மூஞ்சி அப்படியே நின்னு போகுது, அவங்க பேசறது வெட்டி வெட்டி கேக்குது. ஆனா இவங்க பேசறது பசங்களுக்கு ஓரளவு கேக்குதாம், "மிஸ் எங்களுக்கு கேக்குது மிஸ்"னு சாட்டுல போடறாங்களாம். இது எவ்ளோ பெரிய தடயம்னு அப்ப யாருக்கும் தெரியல, எனக்கும்தான்.

நெட்டு கம்பெனிலேந்து ஒரு பையன் வந்தாரு. வந்தது காலைல பதினோரு மணிக்கு. மாடிக்கு போய் அவர் போன்ல ஸ்பீடு டெஸ்ட் போட்டாரு, நல்லாத்தான் வந்துச்சு. மறுபடி புகார், மறுபடி வந்தாரு, ரௌட்டர மாத்திக் குடுத்தாரு. அதுக்கப்பறமும் சாயந்திரம் அதே கதை. மொத்தம் நாலு தடவ வந்திருக்காரு, நாலு தடவயும் பகல்ல. பாவம் அந்தப் பையன், கடைசில அவர் மேலதான் எல்லா கோபமும் போச்சு.

ஜூலைல ஒரு வைஃபை ரிப்பீட்டர் வாங்கி மாடிப்படி திருப்பத்துல மாட்டினாங்க. கொஞ்சம் தேவலாம்னு தோணுச்சு, முழுசா சரியாகல. அதே சமயத்துல மவுஸும் குதிக்க ஆரம்பிச்சிருக்கு, ஒரு இடத்துல கிளிக் பண்ணா வேற இடத்துக்கு போயிடும். பேட்டரி தீந்துருச்சுன்னு நெனச்சு மூணு தடவ பேட்டரி மாத்திருக்காங்க. அது வேற பிரச்சனை, இது வேற பிரச்சனைன்னு ரெண்டு கணக்கா வெச்சிருந்தாங்க.

ஆகஸ்ட் முதல் வாரம் டிஸ்க்கும் சேந்துகிச்சு. ரெக்கார்டிங் ஓடும்போதே டக்குன்னு டிஸ்க் காணாம போய் திரும்ப வந்துச்சு, இந்த டிரைவ்ல ஏதோ பிரச்சனை ஸ்கேன் பண்ணி சரி பண்ணட்டுமான்னு விண்டோஸ் கேட்டுச்சு, இவங்க சரின்னு அமுக்கிட்டாங்க. சரியாகி வந்துச்சு, ஆனா ஃபவுண்ட்.000னு ஒரு புது ஃபோல்டர். பத்து நாள் கழிச்சு மறுபடி அதே மாதிரி காணாம போச்சு, இந்த தடவ ஸ்கேன் எல்லாம் இல்ல, ஃபார்மேட் பண்ணாத்தான் யூஸ் பண்ண முடியும்னு கேட்டுச்சு. பக்கத்துல ஒரு கடையில காட்டினதுக்கு டிஸ்க் போயிடுச்சு, ஃபார்மேட் பண்ணிப் பாக்கலாம், டேட்டா கியாரண்டி இல்லன்னு சொல்லிட்டாங்க. அப்பதான் வாத்தியார் எனக்கு போன் பண்ணாரு. "தம்பி, ஃபார்மேட்ங்கறான், பண்ணலாமாப்பா"ன்னு கேட்டாரு. கைய வெக்காதீங்க சார், கழட்டி பீரோல வெச்சிருங்க, நான் வரேன்னு சொன்னேன்.

முதல் விசிட்டு: சரி பண்ணிட்டேன்னு நெனச்சேன்

சனிக்கிழமை சாயந்திரம் போனேன். டிஸ்க்க அங்க வெச்சு நோண்ட வேணாம்னு முடிவு பண்ணேன், காரணம் ரொம்ப சாதாரணம்: எழுதிகிட்டிருக்கும்போது காணாம போற டிஸ்க்குல என்ன பண்ணாலும் அது மேல இன்னும் ரெண்டு எழுத்து எழுதற வேலையா முடியும், முதல்ல முழுசா ஒரு காப்பி எடுக்கணும், அதுக்கு பெரிய டிஸ்க் வேணும், அது என் கையில அன்னிக்கு இல்ல. சரி நெட்ட பாப்போம்னு உக்காந்தேன்.

ரௌட்டருக்கு பிங் போட்டு விட்டேன், 192.168.1.1க்கு; பிங்னா ஒரு சின்ன செய்தி அனுப்பி பதில் வர எவ்ளோ நேரம் ஆகுது, வருதா இல்லயான்னு பாக்கறது. கூடவே வெளிய 8.8.8.8க்கு, கூகுளோட சர்வர் அது, ஒன்னு. இப்படி ரெண்டா போடறது ஏன்னா, ரௌட்டர் வரைக்குமே அடி வாங்கினா பிரச்சனை வீட்டுக்குள்ள, ரௌட்டர் வரைக்கும் சுத்தமா இருந்து வெளிய மட்டும் அடி வாங்கினா நெட்டு கம்பெனி பக்கம். நாப்பது நிமிஷம் ஓடுச்சு, ரெண்டும் சுத்தம். 2 மில்லிசெகண்டு, 4 மில்லிசெகண்டு, ஒன்னு கூட தவறல.

ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டு வர மனசு இல்ல. அதனால வைஃபை டிரைவர அப்டேட் பண்ணேன், பவர் சேவிங்க ஆஃப் பண்ணேன், ரௌட்டர்ல சேனல் ஆட்டோல இருந்தத அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் பாத்துட்டு 11க்கு மாத்தினேன். மூணையும் ஒரே மூச்சுல.

திங்கக்கிழமை கிளாஸ் முடிஞ்சு போன் வந்துச்சு. "அண்ணா, சூப்பர், ஒரு தடவ கூட நிக்கல." எனக்கு ஒரே பெருமை. சேனல்தான் காரணம்னு வாத்தியார் கிட்ட விளக்கமா வேற சொன்னேன். டிஸ்க் என் வீட்டுல என் மேஜை மேல இருக்கு, அதனாலதான் நெட்டு நல்லா இருக்குங்கறது எனக்கு ஒறைக்கவே இல்ல.

டிஸ்க்க என் வீட்டுல பாத்தது

ஒரு நண்பர் கிட்ட 4 டிபி டிஸ்க் கடன் வாங்கினேன். மொதல்ல கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற சாஃப்ட்வேர்ல டிஸ்க்கோட ஸ்மார்ட் கணக்க பாத்தேன், டிஸ்க் தன்னோட உடம்பு நிலைய தானே எழுதி வெக்கற கணக்கு அது. இதுல நெறைய வரி இருக்கும், நான் பாக்கறது மூணுதான்: 5ஆம் நம்பர், கெட்டுப்போய் மாத்து இடம் குடுத்த செக்டார் (டிஸ்க்குல டேட்டா எழுதற குட்டிக் கட்டம்) எத்தன, 197, படிக்க முடியாம முடிவுக்காக காத்துகிட்டிருக்கற செக்டார் எத்தன, 198, பாத்து கைவிட்டது எத்தன. மூணும் பூஜ்யம். 199னு ஒன்னு இருக்கும், கேபிள் தப்ப எண்ணறதுன்னு நெறைய பேர் சொல்லுவாங்க, அது டிஸ்க்குக்கும் டப்பாக்குள்ள அத யுஎஸ்பியோட இணைக்கற பிரிட்ஜ் போர்டுக்கும் நடுவுல நடக்கறததான் எண்ணும், வெளிய தொங்கற யுஎஸ்பி கேபிள பத்தி அதுக்கு ஒன்னும் தெரியாது. அதனால அது பூஜ்யமா இருந்ததுல எனக்கு எந்த ஆறுதலும் இல்ல.

ஸ்மார்ட் நல்லா இருந்தா டிஸ்க் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, ஆனா கடைக்காரர் சொன்ன மாதிரி டிஸ்க் போயிடுச்சுன்னு சொல்லவும் ஆதாரம் இல்ல. பென்டிரைவ்ல லினக்ஸ் போட்டு, டிஸ்க்க தானா தொறக்கறத (மவுண்ட்) ஆஃப் பண்ணிட்டு, டிடிரெஸ்க்யூங்கற கருவில முழு டிஸ்க்கையும் அச்சு அசலா ஒரே ஃபைலா, இமேஜ் ஃபைலா, இழுக்க ஆரம்பிச்சேன். டிடிரெஸ்க்யூ ஏன்னா அது எங்கெங்க படிச்சோம் எங்க விட்டோம்னு ஒரு மேப் ஃபைல் எழுதிகிட்டே வரும், நடுவுல நின்னாலும் விட்ட எடத்துலேந்து தொடரலாம்.

நடுவுல நின்னுச்சு. நாப்பது நிமிஷத்துல டிஸ்க் காணாம போச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே நான் வேற ஒன்ன கவனிச்சுகிட்டிருந்தேன், ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலேந்து என்னோட மவுஸ் தத்தித் தத்திப் போகுது. என் மவுஸ், என் லேப்டாப்பு, என் வீடு, லினக்ஸ். அவங்க ரௌட்டரும் இல்ல, அவங்க விண்டோஸும் இல்ல. அந்த வீட்டுலேந்து என் மேஜைக்கு வந்தது ரெண்டே பொருள்தான், டிஸ்க்கும் அதோட கேபிளும்.

என் கேபிள மாட்டினேன். மவுஸ் வெண்ணெய் மாதிரி போச்சு. மேப் ஃபைல் இருந்ததால விட்ட எடத்துலேந்தே தொடர்ந்து, ராத்திரி முழுக்க ஓடி, ஏழு மணி நேரம் கிட்ட ஆச்சு, ஒரு செக்டார் கூட கெட்டது இல்லாம முழு டிஸ்க்கும் வந்துருச்சு.

என்ன நடக்குதுன்னா

இது ஒன்னும் புதுசா கண்டுபிடிச்சது இல்ல, இன்டெல் 2012லயே இத பத்தி ஒரு வெள்ளை அறிக்கை போட்டிருக்கு. இந்த டிஸ்க் ஓடற யுஎஸ்பி 3 செகண்டுக்கு 5 கிகாபிட் வேகத்துல ஓடுது. அந்த சிக்னல் ஒரு குறிப்பிட்ட அலைவரிசைல மட்டும் நிக்காது, கீழேந்து 5 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் பரவிக் கெடக்கும், நடுவுல 2.4ம் வருது. அந்த 2.4 பகுதி ஓடற டேட்டாவோடயே ஒரு பங்கு, அதனால அத மட்டும் வடிகட்டி எடுத்துட முடியாது. இருக்கற ஒரே வழி கேபிள், கனெக்டர், டப்பா எல்லாத்தையும் நல்லா கவசம் போட்டு மூடறது. கவசம் சரியில்லன்னா 2.4 பட்டையில இரைச்சல் 20 டெசிபல் வரைக்கும் ஏறலாம்னு அந்த அறிக்கையிலயே இருக்கு, 20 டெசிபல்னா நூறு மடங்கு. அவங்க சோதிச்சதுல வயர்லெஸ் மவுஸும் உண்டு, டாங்கிள் போட்ட மவுஸும் அதே 2.4லதான் பேசும்.

இத படிச்சதும் ஜூன்லேந்து கேட்ட ஒவ்வொன்னும் அதது எடத்துல போய் உக்காந்துச்சு. இரைச்சல் லேப்டாப்புக்கு பக்கத்துல, அதனால அடி வாங்கறது லேப்டாப்போட காது, வாய் இல்ல. அதான் பசங்களுக்கு மிஸ் பேசறது கேக்குது, மிஸ்ஸுக்கு பசங்க பேசறது கேக்கல. வைஃபை கோடு எல்லாம் ஃபுல்லா காட்டுச்சு, ஏன்னா அந்த கோடு ரௌட்டர் எவ்ளோ சத்தமா பேசுதுன்னு காட்டுமே தவிர பக்கத்துல எவ்ளோ இரைச்சல் இருக்குன்னு காட்டாது. ரிப்பீட்டர் போட்டதும் கொஞ்சம் தேவலாம்னு ஆனது, கத்தற சந்தையில இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து பேசின மாதிரி. கம்பெனிப் பையன் பகல்ல வந்தப்ப டிஸ்க் சொருகி இல்ல, கிளாஸுக்குத்தான் சொருகுவாங்க.

டிஸ்க் காணாம போறதும் அதே கேபிள். வீட்டுல கேட்டப்ப பொண்ணு சொன்னாங்க, "நான்தான் அன்னிக்கே சொன்னேனே அண்ணா, பழைய கேபிள எலி கடிச்சிருச்சுன்னு." ஆமா, சொன்னாங்க. முதல் விசிட்டுல, டீ குடிக்கும்போது, இந்த வீட்டுல எலித் தொல்லை, டிஸ்க் ஒயரக் கூட விடலன்னு. நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். டிஸ்க்கோட வந்த கேபிள ஜூன் முதல் வாரம் எலி கடிச்சிருக்கு, பஜார்ல 120 ரூபாய்க்கு ஒரு மீட்டர் நீளத்துல வேற கேபிள் வாங்கிருக்காங்க. புகார் ஆரம்பிச்சது ஜூன் நடுவுல.

ரெண்டாவது விசிட்டு: ஒன்னு ஒன்னா மாத்திப் பாத்தது

இந்த தடவ நான் முன்ன செஞ்ச மூணு மாத்தத்தையும் பழையபடி ஆக்கினேன், சேனல திரும்ப ஆட்டோக்கு விட்டேன். அவங்க டிஸ்க்க கொண்டுபோகல, என்னோட பழைய எக்ஸ்டர்னல் ஒன்ன எடுத்துட்டு போனேன், டேட்டா முக்கியமில்லாத டிஸ்க்கு. ஒவ்வொரு தடவயும் ஒரே ஒரு பொருள மட்டும் மாத்தறது, ரௌட்டருக்கு 200 பிங், எத்தன தவறுதுன்னு வாத்தியார் ஒரு நோட்டுல எழுதினாரு. அவருக்கு இது பிராக்டிகல் கிளாஸ் மாதிரி ஆயிடுச்சு, நான் அவசரப்பட்டப்ப எல்லாம் "இருப்பா, இருநூறு முடியட்டும்"னு நிறுத்தினாரு.

டிஸ்க் இல்லாம: ஒன்னும் தவறல. என் டிஸ்க், அவங்க கேபிள், சும்மா சொருகி மட்டும்: 6 தவறுச்சு, அதாவது காப்பி எதுவும் ஓடாம இருந்தாலும் லிங்க் உசுரோட இருந்தா இரைச்சல் இருக்கு. அதே கேபிள்ல பெரிய ஃபைல் காப்பி ஓட விட்டு: 47 தவறுச்சு, வந்ததுலயும் பாதிக்கு மேல 300 மில்லிசெகண்டு தாண்டி, மவுஸ் குதிக்குது. அதே இடது போர்ட், என் கேபிள், அதே காப்பி: 4. என் கேபிள், வலது பக்க போர்ட்: பூஜ்யம். அவங்க கேபிள், வலது போர்ட்: 11. லேப்டாப்ப கீழ ஹாலுக்கு எடுத்துட்டு போய் 5 கிகாஹெர்ட்ஸ்ல, அவங்க கேபிளோடயே, இடது போர்ட்லயே: பூஜ்யம்.

கடைசியா ஒரு வேடிக்கை. இந்த டிஸ்க்குகளோட அகல வாய்ல ஒரு பாதி பழைய மைக்ரோ யுஎஸ்பிதான், பழைய போன் சார்ஜர் ஒயர் அப்படியே உக்காரும். அத மாட்டினா டிஸ்க் யுஎஸ்பி 2 வேகத்துலதான் ஓடும், 480 மெகாபிட், அது 2.4 பக்கமே வராது. வாத்தியார் வீட்டம்மாவோட பழைய போன் ஒயர மாட்டி காப்பி ஓட விட்டோம்: பூஜ்யம். வேகம் செகண்டுக்கு முப்பது சொச்சம் மெகாபைட்டுக்கு இறங்கிருச்சு, ஆனா கிளாஸ் ரெக்கார்டிங் 6 மெகாபிட்லதான் ஓடுது, ஒரு மெகாபைட்டு கூட வேண்டியதில்ல. யுஎஸ்பி 3 வேகம் அங்க யாருக்கும் தேவையே இல்லாம இருந்திருக்கு! ஒன்னு மட்டும், சில டிஸ்க்குக்கு இந்த ஒயர்ல கரண்ட் பத்தாது, டிக் டிக்னு சத்தம் வந்தா உடனே கழட்டிடணும்.

என்ன செஞ்சோம், ஏன்

மறுநாளே கிளாஸ் இருக்கு, அதனால அன்னிக்கு போன் ஒயரையே விட்டுட்டு, டாங்கிள வலது பக்கம் மாத்திட்டு, ரெக்கார்டிங்க என்னோட பழைய டிஸ்க்குல விழற மாதிரி வெச்சுட்டு வந்தேன். செலவு இல்ல, உடனே ஆச்சு. அடுத்த வாரம் ஒழுங்கான சின்ன கேபிள், முப்பது சென்டிமீட்டர், வாங்கினோம்.

வெறும் கேபிள மட்டும் மாத்திட்டு விட்டிருக்கலாம். ஆனா மாடில 2.4ஐ மட்டும் நம்பிகிட்டு இருந்தா நாளைக்கு வேற ஏதாவது, பக்கத்து வீட்டு வைஃபையோ மைக்ரோவேவோ, வந்து நிக்கும்னு தோணுச்சு. அதனால ரௌட்டர்லேந்து மாடிக்கு பதினஞ்சு மீட்டர் லேன் கேபிள் இழுத்து, வாங்கி வெச்ச ரிப்பீட்டர ஆக்சஸ் பாயிண்ட்டா, அதாவது ஒயர்ல வர நெட்ட வைஃபையா குடுக்கற டப்பாவா, மாத்தி மாடி ரூம்லயே மாட்டினோம், 5 கிகாஹெர்ட்ஸ் இப்ப ரூமுக்குள்ளயே கெடைக்குது. இதுல நான் ஒரு கூத்து பண்ணேன், அந்த டப்பாவுல டிஹெச்சிபிய, அதாவது ஒவ்வொரு சாதனத்துக்கும் நெட்வொர்க் அட்ரஸ் குடுக்கற வேலைய, ஆஃப் பண்ண மறந்துட்டேன், வீட்டுல ரௌட்டரும் இந்த டப்பாவும் ரெண்டுமே ஐபி அட்ரஸ் குடுக்க ஆரம்பிச்சிருச்சு, கீழ டிவி 192.168.0 வரிசைல ஒரு அட்ரஸ வாங்கிகிட்டு நெட்டு இல்லாம நின்னுச்சு. சீரியல் நேரம் வேற. பத்து நிமிஷத்துல ஆஃப் பண்ணி சரி பண்ணோம், அந்த பத்து நிமிஷம் வீட்டம்மா என்ன பாத்த பார்வை இருக்கே.

டேட்டா என்ன ஆச்சு

டெஸ்ட்டிஸ்க்னு டேட்டா மீட்கற ஒரு கருவில இமேஜ் ஃபைல தொறந்து பாத்தா, எந்த ஃபைல் எங்க இருக்குன்னு விண்டோஸ் எழுதி வெக்கற அட்டவணையோட ஆரம்பம் சிதைஞ்சிருக்கு. விண்டோஸ் டிஸ்க்குல ஃபைல அடுக்கற முறையான என்டிஎஃப்எஸ்ல அந்த அட்டவணையோட முதல் நாலு பதிவுக்கு டிஸ்க்லயே வேற எடத்துல ஒரு நகல் இருக்கும். அந்த நகல் நல்லா இருந்துச்சு, அத வெச்சு சரி பண்ணேன். இமேஜ்லதான் பண்ணேன், டிஸ்க்குல இல்ல, தப்பாப் போனா டிஸ்க் அப்படியே இருக்கட்டும்னு. ஃபோல்டர் எல்லாம் பேரோட வந்துருச்சு, கல்யாண வீடியோ முழுசா ஓடுச்சு.

வராதது ரெண்டு வகை. ஒன்னு, முதல் தடவ ஸ்கேன் பண்ணி சரி பண்ணட்டுமானு கேட்டதுக்கு சரின்னு அமுக்கினாங்க இல்ல, அப்ப ஃபவுண்ட்.000க்குள்ள போனது, 41 துண்டு. ஜேபெக்னு பேர மாத்தினதுல 29 போட்டோவா தொறந்துச்சு, எந்த வருஷம் எந்த விசேஷம்னு பேரு தேதி எதுவும் இல்ல, வீட்டுல உக்காந்து பாத்து பிரிச்சுகிட்டாங்க. மிச்சம் 12 போனது போனதுதான். செக்டிஸ்க், விண்டோஸ் அன்னிக்கு ஓட்டின அந்த ஸ்கேன் கருவி, கெட்ட சாமான் இல்ல, ஆனா அதோட வேலை டிரைவ ஒழுங்கா தொறக்க வெக்கறது, உங்க ஃபைல காப்பாத்தறது இல்ல. காப்பி எடுக்காம அத ஓட்டினதுக்கு குடுத்த விலை அந்த 12.

ரெண்டாவது, டிஸ்க் காணாம போனப்ப ஓடிகிட்டிருந்த ரெக்கார்டிங்கும், அதுக்கு முன்னாடி அதே மாதிரி பாதில நின்னதும் சேத்து மூணு கிளாஸ். எம்பி4ல ரெக்கார்டு பண்ணிருந்தாங்க. எம்பி4ல எந்த ஃப்ரேம் எங்க இருக்குங்கற குறிப்ப கடைசிலதான் எழுதும், நடுவுல அறுந்தா ரெண்டு மணி நேர வீடியோ இருந்தும் எந்த பிளேயரும் தொறக்காது. அன்ட்ரங்க்னு ஒரு கருவி இருக்கு, அதே செட்டிங்ல ரெக்கார்டு பண்ண நல்ல ஃபைல் ஒன்ன மாதிரியா குடுத்தா கெட்டுப்போனத தேத்திப் பாக்கும். அதுல ஒரு கிளாஸ் வந்துச்சு, ரெண்டு வரல. அந்த ரெண்டையும் ஒரு ஞாயித்துக்கிழமை திரும்ப எடுத்தாங்க, ஒளி விலகல் பாடம். இப்ப ரெக்கார்டிங் எம்கேவிங்கற வேற வீடியோ ஃபைல் வகைல போகுது, எங்க அறுந்தாலும் அதுவரைக்கும் ஓடும், முடிஞ்சப்பறம் ஒரு நிமிஷத்துல எம்பி4 ஆக்கிக்கலாம்.

திரும்ப இதே கேஸ் வந்தா

முதல் கேள்விய மாத்துவேன். என்ன பிரச்சனைன்னு கேட்டேன், எப்பலேந்து, அதுக்கு முன்னாடி வாரம் வீட்டுல எது புதுசா வந்துச்சுன்னு கேக்கல. கேட்டிருந்தா எலி முதல் நாளே சிக்கிருக்கும், அதாவது கேபிள்.

ரெண்டு புகார ரெண்டு நோட்டுல எழுதாம ஒரே நோட்டுல நேரம் போட்டு எழுதச் சொல்லுவேன். மவுஸ் குதிச்ச நேரமும் பசங்க மூஞ்சி நின்ன நேரமும் ஒன்னுதான்னு அந்த பொண்ணே ஒரு நாள்ல கண்டுபிடிச்சிருப்பாங்க.

மூணு மாத்தத்த ஒரே மூச்சுல பண்ணது என் தப்பு. அதுல ஒன்னு கூட காரணம் இல்ல, ஆனா வாத்தியார் ரெண்டு வாரம் தெருவுல எல்லாருக்கும் சேனல் 11 போடுங்கன்னு சொல்லிகிட்டு இருந்தாரு. பிரச்சனை நடக்கற நேரத்துல, நடக்கற மாதிரியே எல்லாத்தையும் சொருகி வெச்சுகிட்டு பாக்கணும். டிஸ்க் பத்திரமா இருக்கணும்னு பீரோல வெக்கச் சொன்னது சரிதான், ஆனா அதுவே நெட்டுப் பிரச்சனையோட சாட்சியையும் பீரோல பூட்டின மாதிரி ஆயிடுச்சு. என் டிஸ்க்க அன்னிக்கே அவங்க கேபிளோட சொருகிப் பாத்திருந்தா மூணு நாலு வாரம் மிச்சம்.

இமேஜ் எடுக்கும்போது அவங்க கேபிளையே போட்டதும் யோசிக்காம செஞ்சதுதான். எதுவும் எழுதாம படிச்சுகிட்டு மட்டும் இருந்ததால தப்பிச்சோம்.

இப்ப எப்படி இருக்கு

டிசம்பர்ல ஒரு தடவ போய் பாத்தேன். மூணு மாசமா கிளாஸ் நிக்கல, மவுஸ் பேட்டரி மாத்தல. 2 டிபி டிஸ்க்க ஃபார்மேட் பண்ணி எல்லாத்தையும் திரும்ப போட்டு அதத்தான் ரெக்கார்டிங்குக்கு ஓட்டறாங்க, டிஸ்க்குல இன்னிக்கு வரைக்கும் ஒரு குறையும் இல்ல. இன்னொரு 2 டிபி வாங்கி ரெண்டாவது காப்பி பீரோல இருக்கு, மாசம் ஒரு ஞாயிறு வாத்தியாரே எடுத்து காப்பி போடறாரு, கல்யாண வீடியோவும் போட்டோவும் மட்டும் அக்கா வீட்டுல மூணாவதா ஒரு பென்டிரைவ்ல.

அந்த 120 ரூபாய் கேபிள நான் வாங்கிட்டு வந்து பிளேடால கீறிப் பாத்தேன். உள்ள வெள்ளி கலர்ல மெல்லிசா ஒரு ஃபாயில் சுத்து இருக்கு, பின்னல் கவசம் இல்ல, அந்த ஃபாயிலும் கனெக்டரோட உலோக உறைய தொடவே இல்ல, ஒரு விரக்கடை முன்னாடியே நின்னு போச்சு. புது கேபிளுக்கு வாத்தியார் "டிஸ்க் கேபிள், செப்டம்பர் 2024"னு அவரோட அழகான கையெழுத்துல சீட்டு எழுதி ஒட்டி, கிளாஸ் இல்லாத நேரத்துல எலிக்கு எட்டாத ஒசரத்துல ஒரு ஆணி அடிச்சு மாட்டி வெச்சிருக்காரு.